செல்வியின் அப்பா அழுத கட்டுரை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்று வகுப்பில் என் கட்டுரைக்குக் கை தட்டினார்கள். இரண்டு வருடமாகத் தமிழ் மேடம் என் நோட்டைத் திருப்பித் தரும்போதெல்லாம், "எழுத்துல உயிரே இல்லம்மா" என்பார். இன்று அவரே எழுந்து நின்று வாசித்தார்.

எழுதியது என் தோழி செல்வியின் அப்பாவைப் பற்றி. என் அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். அவள் அப்பா அங்கேயே பல வருடமாகக் கான்ட்ராக்ட். இந்த முறையும் பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வரவில்லை என்று, குளிக்கும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் அவர் பெயரை மாற்றினேன். வடக்குத்து என்ற ஊரை மாற்றவில்லை. மாற்றினால் நிஜம் போய்விடும் என்று தோன்றியது. அந்த ஊரிலிருந்து எங்கள் வகுப்புக்கு வருகிறவள் செல்வி ஒருத்திதான்.

பாதியிலேயே எல்லாரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள். முடிந்ததும் அவளும் கை தட்டினாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சொன்னாள்: "எங்கப்பா அழுவுறத கிளாஸே கேட்டுகினு இருந்திச்சு. நானும் உக்காந்து கேட்டுகினு இருந்தேன். யாருக்கும் கேக்கக் கூடாதுன்னுதான்டி அவரு குழாயத் தொறந்து வுட்டாரு."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா எழுதியிருந்தேனா?" என்றுதான் வந்தது.

அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் அழுதிருப்பாளா என்று இந்நேரம் வரை நான் யோசிக்கவில்லை. என்ன பதில் சொல்லியிருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.