எட்டு மணி நேரப் பயணம்

காஜா பெராங், மலாக்கா
12-3-1958

தம்பி சேதுபதிக்கு அக்காள் அஞ்சலை எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதாக எழுதியிருந்தாய். கப்பலில் ஏழு நாள், நான் வந்து சேர முடியாது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து அழுகைகூட வரவில்லை. அரிசி களைகிறேன், உலை வைக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று டவுனில் டிக்கெட் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் இப்ராஹீம், "யாரப் பாக்கப் போறீங்க பாட்டி?" என்றான்.

"எங்கம்மாவ."

"நீங்களே பேரப்புள்ள எடுத்தாச்சு, இன்னும் அம்மாவா!" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

சிங்கப்பூரிலிருந்து மெட்ராசுக்கு ஆயிரத்து எண்ணூறு மைலாம். பிளேனில் எட்டே மணி நேரமாம். இங்கே பஸ், அங்கே ரயில் எல்லாம் சேர்த்தாலும் புறப்பட்ட மூன்றாம் நாள் வந்துவிடுவேன்.

அப்பா போனதை நீ கடுதாசியில்தான் எழுதினாய். அது பதினெட்டாம் நாள் கிடைத்தது. அதுவரை தீட்டு என்று தெரியாமல் மீன் குழம்பு தின்றுகொண்டிருந்தேன். நான் அதை மறக்கவில்லை.

அம்மாவுக்கு வலது காதுதான் கேட்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் வருகிறேன் என்று சொல். கஞ்சி இறங்கவில்லை என்றால் அன்றைக்கே தந்தி கொடு, கண்டதும் பிளேன் ஏறப் புறப்பட்டுவிடுவேன். அம்மா வாயில் நான் பால் ஊற்ற வேண்டும்.

தபாலாபீஸ் அடைக்கப் போகிறார்கள், முடிக்கிறேன். உயிர் போன பிறகு கொடுக்கிற தந்தி எனக்கு வேண்டாம்.

அக்காள்
அஞ்சலை