விரல் விழுந்த வசனம்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ண ஆண்டவரின் சித்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்தால் போதும்.

சாயங்காலம் உங்கள் தம்பி வருவார். ஆமாம், நீங்கள் முகம் கொடுத்துப் பேசாத அதே தம்பிதான். "பேசலாமா வேண்டாமான்னு கர்த்தரே காட்டட்டும்" என்று காலையில் கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தீர்களே, கதவிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மன்னிக்கச் சொல்லும் வசனத்தில் விரல் விழுந்ததும், "இது பொதுவா சொன்னது" என்று முனகிவிட்டு மறுபடி திறந்தீர்கள். அடுத்து யாரோ ஒருவரின் வம்ச வரலாறு வந்தது. முகத்தில் என்ன நிம்மதி!

வீம்புக்கு ஜெபம் என்று பேர் வைக்காதீர்கள். மணி அடித்தால் கதவைத் திறந்து "வாடா" என்று சொல்லுங்கள்.

பி.கு.: அவராக வரவில்லை, நான்தான் கூப்பிட்டேன். உங்களைக் கேட்கவில்லைதான்; கர்த்தரைக் கேட்டேன். உங்களைவிட அவர் சீக்கிரம் சம்மதித்துவிடுகிறார்.