விசிறியை நிறுத்திப் பதிந்த கிட்டார்

பதிவு 212 — 14 மார்ச் 2079, 09:40
நிலவு, ஐந்தாம் எண் குகைவீடு. எழுதுவது ஹெப்சிபா, நீர்ப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் 410 லிட்டர். வீட்டில் நான் மட்டும்தான். கூட இருக்கும் துரைப்பாண்டி பனிக்கட்டிக் குழியில் பம்பு பழுது பார்க்கப் போயிருக்கிறான். அங்கிருந்து இங்கே வர வண்டியில் எட்டு மணி நேரம் ஆகும்.

கிட்டாரைச் சத்தமாக வாசிக்க இதைவிட நல்ல நாள் வாய்க்காது. நாகர்கோவிலில் என் பழைய குழு டிரம்ஸும் பேஸும் பதிந்து அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. என் கிட்டார் மட்டும்தான் பாக்கி. இன்று முடித்துவிடுவேன்.

பதிவு 213 — 10:25
படுக்கையறை ஸ்டுடியோ ஆகிவிட்டது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில். சுற்றிலும் இரண்டு மெத்தைகள். மைக், ஸ்பீக்கரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மையத்தை விட்டுக் கொஞ்சம் ஓரமாக. மையத்தில் வைத்தால் காதைக் கீறும். ஆம்ப்பின் சத்தம் முக்கால்வாசி. கூச்சப்பட்டுக் குறைத்து வைத்தால் கொசு பாடுவது போல இருக்கும். கூடத்துக் கதவைச் சாத்தினேன்.

ஒரே தொல்லை, வீடு முழுவதற்கும் காற்று அனுப்பும் பெரிய விசிறி. அதன் உறுமல் மெல்லிய இடங்களில் எல்லாம் பதிகிறது. வீட்டில் பதிவு செய்கிற எவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஊரில் சீலிங் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைப்போமே, அப்படி அணைத்தேன். நான்கு நிமிடப் பாட்டுதான். விதிப்புத்தகம் கூடாது என்கிறது. அதை எழுதிய மகராசன் கிட்டாரைத் தொட்டிருக்க மாட்டான்.

பதிவு 214 — 10:48
முதல் பதிவு பிரமாதம். இரண்டாவதின் பாதியில் அபாய மணி. "கூடத்தில் அழுத்தம் குறைகிறது" என்று திரையில் எழுத்து. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஆம்ப்பை அணைத்தேன். விசிறியைப் போட்டால் ஓட மறுக்கிறது. கசிவு சரியாகும்வரை ஓடாதாம்.

கசிவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அழுத்தமானி விசிறிக் குழாய்க்குள் இருக்கிறது. விசிறி நின்றால் அது உளறும். போன மாதமும் உளறியது. அரை மணிக்கு முன்னால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் உப்புமா சாப்பிட்டேன். பூட்டை விடுவிக்கும் கைச்சக்கரத்தை வெளிப்பக்கத்திலிருந்துதான் சுற்ற முடியும். உள்ளே இருப்பது அது சுற்றினால் கூடவே சுற்றும் வெறும் சக்கரம், பூட்டியபின் இங்கிருந்து அசைக்க முடியாது.

என் கணக்கில் இந்த அறைக் காற்று இரவு ஏழரைவரை தாங்கும்.

பதிவு 215 — 11:05
துரைப்பாண்டியோடு செயற்கைக்கோள் வழியே பேசினேன். அப்படியே பதிகிறேன்.

"எக்கா, பதறாதீக. வண்டிய எடுத்துட்டேன். ஏழுக்குள்ள வந்துருவேன். ஆனா மீட்டர் குறையுதுன்னு காட்டுதே, நெசமாவே கசிஞ்சா?"

"கசிவெல்லாம் இல்ல துரை. நான் ஃபேன நிறுத்துனேன், அது ஒளறுது. நீ வரும்போது பூச்சியம்னு காட்டுனாலும் நம்பாத. நேரா வந்து சக்கரத்தச் சுத்தித் திற."

"எதுக்குக்கா ஃபேன நிறுத்துனீக?"

"கிட்டார் பதியத்தான்."

"நல்லா பதிஞ்சீக போங்க! பேசாம படுங்க. மூச்சு மிச்சமாவும்."

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது.

பதிவு 216 — 15:30
படுத்தே இருக்கிறேன். தலைவலி. நாலடிக்கு ஏழடி நடை, பிறகு மெத்தை, பிறகு சுவர். நிலவில் பதினான்கு மாதம் இருந்திருக்கிறேன், இந்த வீடு ஒரு பெட்டி என்று இன்றுதான் தோன்றுகிறது. எழுந்து கதவைக் குத்த வேண்டும் போல இருக்கிறது. குத்தினால் மூச்சு வாங்கும். குத்தவில்லை.

பதிவு 217 — 17:50
துரைப்பாண்டி குகை வாசலுக்கு வந்துவிட்டான். "இனிமே பாறை மறைச்சிரும், சிக்னல் கெடைக்காது. கதவாண்ட பாப்போம்க்கா" என்றான். உள்ளே ஒரு மணி நேரம் ஊர்ந்து வர வேண்டும். குகைக்குள் பேசும் ரேடியோ கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம்.

பரவாயில்லை. வந்துவிட்டான். பொழுது போக, காலையில் பதிந்ததை ஹெட்போனில் கேட்கப் போகிறேன்.

பதிவு 218 — 18:14
முதல் பதிவில் கிட்டாருக்குப் பின்னால் ஒரு 'ஸ்ஸ்' இருக்கிறது. ஆம்ப் இரைச்சல் என்று நினைத்தேன். ஆம்ப்பை அணைத்த பிறகும் மைக் சில நிமிடம் ஓடியிருக்கிறது. அதிலும் 'ஸ்ஸ்' இருக்கிறது. ஆம்ப் இல்லை, விசிறி இல்லை, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்ஸ்.

பதிவு 219 — 18:22
மைக்கைக் கதவில் ஒட்டி, முழுச் சத்தம் வைத்துக் கேட்டேன். இப்போது ஒன்றுமே இல்லை. கதவு தொட முடியாத சில்லிப்பு.

மெதுவாக எழுதுகிறேன், கிடைப்பவர்களுக்குப் புரிய வேண்டும். கூடத்தில் பல நாளாகக் கசிவு இருந்திருக்கிறது. விசிறி காற்றை ஊட்டி ஊட்டி அதை ஈடுகட்டியிருக்கிறது. அதன் உறுமலில் சீறல் கேட்கவில்லை. நான் விசிறியை நிறுத்தினேன். கூடம் காலியாகிவிட்டது. மீட்டர் உளறவில்லை. கதவு என்னைச் சிறைவைக்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதைத் திறக்கத்தான் துரைப்பாண்டி வருகிறான். மீட்டரை நம்பாதே என்று நானே சொல்லியிருக்கிறேன். விண்ணுடைக்குள் இருப்பவனுக்கு காற்றில்லாத கூடமும் காற்றுள்ள கூடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கசிவை அடைத்துவிட்டுக் கூடத்தில் காற்றை நிரப்பினால் போதும், வண்டியில் எல்லாம் இருக்கிறது. அவனுக்கு ஒரு வார்த்தை தெரிந்தால் போதும்.

பயமாக இருக்கிறது.

பதிவு 220 — 18:40
எப்படிச் சொல்வது? செயற்கைக்கோள் வழியே பத்து முறை கூப்பிட்டேன். பாறை. வெற்றிடத்தில் சத்தம் போகாது. ஆனால் சக்கரத்தில் கை வைப்பானே, கதவின் அதிர்வு கைக்குத் தெரியும். ஆம்ப்பை இழுத்து ஸ்பீக்கரைக் கதவோடு அழுத்தி வைத்துவிட்டேன். சத்தம் முழுசு.

எதை வாசிப்பது? எங்களுக்குள் சங்கேதம் எதுவும் இல்லை. ஆபத்து என்று தட்டினால் இன்னும் வேகமாகத் திறப்பான். சும்மா இருந்தால் மயங்கிவிட்டேன் என்று அதைவிட வேகமாகத் திறப்பான்.

பதிவு 221 — 18:53
வந்துவிட்டான். தரை அதிர்கிறது. சக்கரம் கால் சுற்று நகர்ந்தது. தடித்த தந்தியை ஓங்கி அடித்தேன். மூன்று அடி, இடைவெளி, மூன்று அடி.

சக்கரம் நின்றது.

மறுபடி மூன்று அடி. துரை, யோசி. நிறுத்து, நிறுத்து, நிறுத்து.

பதிவு 222 — 18:55
கதவில் தட்டுகிறான். நான் அடிக்கும் மூன்றுக்கு நடுவில் இரண்டு. அடுத்த மூன்றுக்கும் இரண்டு. பிசகாமல்.

தாளம் போடுகிறான். நான் சந்தோஷத்தில் வாசிக்கிறேன் என்று நினைத்துத் தாளம் போடுகிறான்.

சக்கரம் சுற்றுகிறது.

பதிவு 223 — 18:57
கிட்டாரின் கழுத்தை உள்சக்கரக் கம்பிகளுக்குள் செருகிவிட்டேன். ஒயரைக் கழற்ற நேரமில்லை. ஆம்ப் ஓடுகிறது. மைக்கும். சக்கரம் முட்டி நின்றது. இடது கையால் எழுதுகிறேன்.

பலமாகத் திருகுகிறான். கழுத்து வளைகிறது. தந்திகள் இறுகுகின்றன. தொடாமலே சத்தம் போடுகின்றன. சுருதி ஏறுகிறது.

கொஞ்சம் நின்றது. யோசிக்கிறானா. யோசிடா, மீட்டரைப் பார், அது உண்மை, நான்தான் பொய்

மறுபடி ஏறுகிறது

மெல்லிய தந்தி போயிற்று

18:59
அடுத்ததும். துரை நல்ல பையன், என்னைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு படுகிறான், அவனிடம் யாரும் இதைச் சொல்ல வேண்டாம், கதவு பழுது என்று மட்டும்

மூன்றாவது. மரம் பிளக்கும் சத்தம். இன்னும் ஏறு