முருங்கையில் மயிர்க்கொட்டி

ஸாராவின் வாப்பாவுக்கு,

நான் மருந்தெடுக்கப் போகிறேன். சோறும் மீனாணமும் மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள் ராத்தா தம்பி வீட்டுக்கு அஸர் தொழுகை நேரம் வருகிறா என்று வளவைத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கடலுக்குப் போய்விட்டீர்கள். வேலியோரம் காஞ்சோண்டிச் செடி பிடுங்கி இரண்டு கையும் கொப்புளம். அதையாவது பொறுக்கலாம். முருங்கைக்குக் கீழே கூட்டும்போது கழுத்தில் ஏதோ விழுந்தது. தட்டினேன், நசுங்கிவிட்டது. மயிர்க்கொட்டிப் புழு! பச்சைத் தண்ணியும் மயிருமாக அப்பிக்கொண்டது. சீ! மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கழுத்தும் முகமும் தடித்து, ஒரு கண் திறக்க முடியவில்லை.

மரத்துக்குத் தீப்பந்தம் பிடியுங்கள் என்று போன கிழமையே சொன்னேன். “உயிரை நெருப்பால கொல்லக்கூடாது புள்ள” என்றீர்கள். சரி, கொப்பையாவது வெட்டியிருக்கலாமே! அடிமரம் முழுக்கக் கம்பளி போர்த்த மாதிரி நெளிகிறது. ராத்தாவுக்கு முருங்கையிலைச் சுண்டல் வேண்டுமென்றால் நீங்களே ஆய்ந்து கொடுங்கள். அந்த இலையை இனி நான் தொடமாட்டேன்.

உங்கள் நீலச் சாரனும் அந்த மரத்தடிக் கொடியில்தான் காய்ந்தது. இரண்டு ஊர்ந்தன. நீங்கள் சொன்னபடியே அவற்றைக் கொல்லவில்லை. சாரனோடு மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன்.

ஹிதாயா

வாசல் கேற் வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன்: அந்தச் சாரனை உடுத்துவிடாதீர்கள். உங்களுக்குக் கடித்துத் தடித்தால் இடுப்புக்கு எண்ணெய் பூசவும் நான்தானே வேண்டும்.