கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் காற்றில் ஒட்டுப்பால் வாடை வந்தது. ரப்பர் மரத்தில் உலர்ந்த பாலின் அந்தப் புளித்த நாற்றம் உங்கள் சேலையில் எப்போதும் இருக்கும். மற்ற நாளாயிருந்தால் உங்களை நினைத்துக்கொண்டே வேலையைப் பார்த்திருப்பேன். இன்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. நீங்கள் இல்லை.

ஜெராமுக்கு உள்ளே இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு, கணக்கு எழுதும் கிராணியின் மனைவியாக, யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தவள் நான். நீங்கள் கூலியாட்களின் லயத்து வீட்டில் குடியிருந்து, பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். மகன் பிறந்தபோது அவனைக் குளிப்பாட்ட வந்தீர்கள். நான் தூங்குவதில்லை என்று முதலில் கண்டுகொண்டவரும் நீங்கள்தான். காரணத்தை நான் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கினால் கிணற்றில் போட்டுவிடுவேனோ என்று ஒரு நினைப்பு. கத்தியைக் கண்டால் வேறொரு நினைப்பு. இதை எந்த வாயால் சொல்வது? என் கணவர் பேய்க்கோளாறு என்றார். பிறகு யாரிடமோ குரலைத் தாழ்த்தி, பைத்திய ஆஸ்பத்திரி என்று பேசினார்.

ஒரு மத்தியானம் நீங்கள் வந்தபோது குழந்தை கூடத்துப் பாயில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. நான் சாமான் அறைக்குள் தாழிட்டுக்கொண்டிருந்தேன்.

“அம்மா, கதவத் தொறங்க.”

“வேண்டாம். அவனைத் தூக்கிக்கொண்டு போ. நான் வெளியில வந்தா அவனை ஏதும் செய்துபோடுவன்.” அன்றுவரை உங்களை நான் ஒருமையில்தான் பேசினேன்.

நீங்கள் அலறவில்லை. குழந்தையின் அழுகை மெல்ல அடங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

“புள்ள எங்கிட்ட இருக்கான். நீங்க தொறக்க வேணாம். என்ன நெனப்பு வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். இதோ எழுந்து போய்விடுவீர்கள், லயம் முழுக்கத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

“எனக்கும் வந்துச்சும்மா,” என்றீர்கள். “மூத்தவ பொறந்தப்போ. அடுப்புப் பக்கம் அவளத் தூக்கிட்டுப் போகவே மாட்டேன். செத்துடலாம்னுகூட இருந்துச்சு. உங்களுக்கும் அப்படித் தோணுதா?”

“ஓம், அப்பிடித்தான்,” என்றேன்.

“அப்ப உங்களத் தனியா விட மாட்டேன்.”

அன்று சாயங்காலம் என் கணவரிடம் நீங்கள் பேசியதை உள்ளே இருந்து கேட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல்லையும் நீங்கள் வெளியே விடவில்லை. “ஐயா, பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு மனசுக்கு முடியல. டாக்டரக் கூட்டியாங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.” கிராணியிடம் அப்படிப் பேசினால் வேலை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து டாக்டர் வந்தார். தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார். கூட ஆள் இருக்கவேண்டும் என்றார். நீங்களும் உங்கள் மூத்த மகளும் மாறி மாறி இருந்தீர்கள். முதலில் உங்கள் மடியில் கிடந்தவனின் பாதத்தை மட்டும் தொட்டேன். சில நாள் அதுவும் முடியாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நானே அவனைக் குளிப்பாட்டினேன். நீங்கள் கை நீட்டாமல் பக்கத்தில் நின்றீர்கள். அன்றுதான் முதன்முதலில் அக்கா என்றேன்.

போன வருஷம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

அந்த நினைப்பு இன்னும் வரவில்லை, அக்கா. வந்துவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. வயிற்றில் குழந்தை அசையும்போதெல்லாம், அது வருகிறதா என்று எனக்குள்ளே தேடிப் பார்க்கிறேன்.

இன்று என் கணவர் சாப்பிட வந்தபோது, அன்று உங்களிடம் சொன்ன எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பிசைந்த சோற்றில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“பயத்தில.”

கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இனி வந்தா எந்த நேரமெண்டாலும் என்னைக் கூப்பிடு,” என்றார். பிறகு, எனக்குத் துணையாக வந்து இருக்கும்படி உங்கள் மூத்த மகளைக் கேட்க லயத்துக்கு அவரே நடந்துபோனார்.

பயம் போகவில்லை. ஆனால் இப்போது அதை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை, அக்கா.