படத்துக்குக் கீழே நின்னவங்க

அன்பான பெரியவளுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நான், உன் அம்மா, உன் தங்கச்சி குட்டி மூணு பேரும் சுகம், இந்த மாசம் கொஞ்சம் கூடுதலாவே சுகம். ஆஸ்பத்திரி வேலைல உனக்கு நேரத்துக்குச் சாப்பிட முடியுதா, அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கிச்சா, எழுது. அம்மாவோட முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, நீ அனுப்பின தைலத்தை அவ தடவிக்கறதில்ல, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தடவி விட்டு வைத்தியம் பார்க்கறா. நர்ஸம்மாவைப் பெத்தவளாம், அந்த மிதப்பு. அந்த உன் அம்மா என்ன செஞ்சான்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன், முழுசாப் படி.

மில்லுக்குப் புது மெஷின் வந்திருக்குன்னு போன தடவை எழுதினேன் இல்லையா, அதைப் படம் பிடிச்சு காலண்டர் போடணும்னு மேனேஜருக்கு ஆசை. கடைத்தெருவுல போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கே ஒரு அம்மா, கல்யாண ஜோடிங்களைச் சிரிங்க சிரிங்கன்னு அதட்டுமே, அதைத்தான் கூப்பிட்டாங்க. படம் முடியற வரைக்கும் சின்னப் பிள்ளைங்க பஞ்சு குடோனை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு மேஸ்திரி உத்தரவு. அந்தம்மா ஸ்டாண்டை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, வெளிச்சம் பத்தல, இன்னும் பத்தலன்னு இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. மெஷின் பாட்டுக்கு ஓடுது, இழை அறுந்துக்கிட்டே இருக்கு, முடிச்சுப் போட ஆள் இல்ல. நூல் வீணாகறதைப் பார்த்து மேஸ்திரிக்கு வயித்தெரிச்சல் தாங்கல, படம் எடுக்கறப்ப விரட்டிக்கலாம்னு பிள்ளைங்களைத் திரும்ப வரிசைல நிறுத்திட்டான். அந்தம்மா அதுக்குத்தான் காத்திருந்திருக்கு. படத்துக்கான வெளிச்சப் பொடியைக் கொளுத்திடுச்சு, பளிச்சுன்னு ஒரு வெளிச்சம், குப்புன்னு புகை. பாய்லர்கிட்ட இருந்து நான் ஓடி வந்து பார்த்தா, மேஸ்திரி தீ தீன்னு கத்திக்கிட்டு வாளித் தண்ணியைத் தன் கால்லயே கொட்டிக்கிட்டு நிக்கறான். அந்தம்மாவோ முகத்தைப் பாவமா வெச்சுக்கிட்டு, அடடா படம் கெட்டுப் போச்சே, இன்னொரு நாள் வரேன்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு, வேலை விட்டு வர்ற பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா எடுத்துச்சு. ரோடு மேனேஜரோடது இல்லையே.

ஒரு நாள், கெட்டுப் போச்சுன்னு சொன்ன அந்தப் படத்தோட வீட்டுக்கே வந்துச்சு. கை எட்டாம நம்ம குட்டி ஒரு மரப்பெட்டி மேல ஏறி நிக்கறா, வெறுங்கால், தலையெல்லாம் பஞ்சு ஒட்டி நரைச்ச மாதிரி இருக்கு. தினம் பார்க்கற பிள்ளைதான், ஆனா அந்தக் காகிதத்துல பார்த்தப்பதான் எவ்வளவு சின்னவன்னு எனக்குத் தெரிஞ்சுது. சர்க்கார் விசாரணை வருது, மில்லுல சின்னப் பிள்ளையே கிடையாதுன்னு மேனேஜர் சத்தியம் பண்றாரு, இந்தப் படத்தை நான் அங்க காட்டலாமான்னு அந்தம்மா கேட்டுச்சு. வேணாம்னுட்டேன். நாம இருக்கற வீடு மில்லு வீடு, காலி பண்ணுன்னா எங்க போறது. உன் அம்மா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கல. பெரியவ இதே வரிசைல நின்னுதான் இருமல் வாங்கிக்கிட்டா, இப்ப சின்னவ நிக்கறா, தாராளமாக் காட்டுங்கன்னுட்டா. நான் கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம படுத்தேன். யாரும் கூப்பிடல, கடைசில நானே எழுந்து போட்டுத் தின்னேன்.

விசாரணை டவுன் ஹால்ல நடந்துச்சு. தலைமை உக்காந்த அதிகாரிக்கு முன்னாடி, படத்தையெல்லாம் பெரிசு பண்ணி சுவர் நீளத்துக்கு வரிசையா மாட்டியிருந்துச்சு அந்தம்மா. மேனேஜர் எழுந்து சிரிச்சுக்கிட்டே, இதெல்லாம் வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்த பிள்ளைங்க ஐயா, விளையாட்டா மெஷின்கிட்ட நின்னுட்டாங்க, எங்க ஆளுங்களையே கேளுங்கன்னு எங்க பக்கம் திரும்பிப் பார்த்தாரு. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். நான் துண்டை எடுத்து வாயைத் துடைக்கற மாதிரி மூஞ்சியை மூடிக்கிட்டேன். பக்கத்துல பெஞ்சு கிரீச்சுன்னுச்சு, பார்த்தா உன் அம்மா எழுந்துட்டா. குட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி மொத்த ஹாலையும் கடந்து போய் அந்தப் படத்துக்குக் கீழே நின்னா. இவ நான் பெத்த பொண்ணு ஐயா, சாப்பாடு கொண்டு வந்தவ இல்ல, காலைல இருந்து இருட்டற வரைக்கும் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடறவன்னு சொன்னா. குரல் கொஞ்சங்கூட நடுங்கல பெரியவளே, என் மேல ஆணை.

அப்புறம் என்ன, ரீலிங்ல நூல் சுத்தற வேலை பார்க்கற நெட்டச்சி எழுந்து தன் மகன் படத்துக்குக் கீழே போய் நின்னா. பஞ்சு சுமக்கறவர் எழுந்தாரு. ஒவ்வொருத்தரா எழுந்து எழுந்து போக, கடைசில பெஞ்செல்லாம் காலி, சுவர் பூரா ஆளு. நானும் எழுந்தேன், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மேனேஜர் முன்னாடியே நடந்து போய் உன் அம்மா பக்கத்துல நின்னேன். இவ்வளவு நேரம் எங்க போனீங்கன்னு காதுக்குள்ள கேட்டா. உன் அம்மா உன் அம்மாதான்.

மேனேஜர் சும்மா விடுவாரா, மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினாரு. ரீலிங் பொம்பளைங்க அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு மில்லு கேட்டுல நின்னுட்டாங்க, பாய்லருக்கு நான் தீ போடல. மில்லு மூச்சு விடல. அந்த வாரமே தீர்ப்பும் வந்துடுச்சு: சின்னப் பிள்ளைங்க ஒருத்தர்கூட உள்ள போகக் கூடாது, அந்த இடத்துக்குப் பெரியவங்களைத்தான் எடுக்கணும், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறது மில்லோட பொறுப்பு, ஆளுங்க இருக்கற மில்லு வீட்டைக் காலி பண்ணச் சொல்லக் கூடாது. தீர்ப்பைக் கேட்டு உன் அம்மா தெருவுல நின்னு விசில் அடிச்சா. அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும்னு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கே தெரியாது.

இன்னைக்கு விடிகாலைல எப்பவும் போல மில்லுச் சங்கு ஊதிச்சு. பழக்கத்துல குட்டியை எழுப்பக் கை நீட்டினேன், உன் அம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டா. சங்கு ஊதி ஓயற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். குட்டி புரண்டு படுத்து, போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, குறட்டை விட்டா.

நீ எடுத்த படிப்பும் வேலையும் உன்னை உசத்தி வெக்கட்டும், நோய் நொடி அண்டாம நீ நல்லா இருக்கணும். இருமல் திரும்பி வந்தா மறைக்காதே, பெரிய டாக்டர்கிட்டயே காட்டு.

உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கற
அப்பா