உர்பானுக்குப் பக்கத்து இடம்

பிப்ரவரி, மாத நடுநாளுக்கு நான்கு நாள் முன்

வைத்தியர் என் மனைவி கரித்தேயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, கோடையைக் காணமாட்டாள் என்றார். அவர் கை கழுவிய தண்ணீரை நானே தெருவில் ஊற்றினேன்.

அழவில்லை. முதலில் வந்த நினைப்பை எழுத வெட்கமாக இருக்கிறது. அவளை எங்கே வைப்பார்கள்?

ரோமாபுரிக்கு வெளியே, சபையின் நிலத்தடிக் கல்லறையில், உர்பான் சுவரில் இருவர் படுக்கும் மாடம் ஒன்றைத் தன் கையாலேயே வெட்டிவைத்தான். கல்தச்சன். கரித்தேயின் முதல் கணவன். விசுவாசத்தை மறுக்கமாட்டேன் என்று சிறைக்குப் போய், அங்கே காய்ச்சலில் செத்தான். மாடத்தின் பாதியில் அவன் கிடக்கிறான். மறுபாதி பதின்மூன்று வருடமாகக் காலி.

அவன் அவளோடு வாழ்ந்தது இரண்டு வருடம். நான் பதினொன்று. ஆனால் சபையில் இன்றும் அவள் ‘உர்பானின் கரித்தே’தான்.

பிப்ரவரி, நடுநாள்

கல்லறையின் மறுகோடியில் எங்கள் இருவருக்கும் புது மாடம். முடிவு செய்தாயிற்று.

பிப்ரவரி, நடுநாளுக்கு மறுநாள்

கல்லறை வெட்டும் பவுஸ்தனைப் பார்த்தேன்.

“வாத்தியாரே, உர்பான் அண்ணன் பக்கத்துல இடம் சும்மாத்தானே கெடக்கு? அங்க வெச்சா எனக்குக் கைவலி மிச்சம்.”

“செத்தவங்க எந்திரிக்க எக்காளம் ஊதுற அன்னிக்கு அவ கண்ணைத் தொறந்தா, பக்கத்துல நான் இருக்கணும்.”

“அந்தச் சத்தத்துல யாரு பக்கத்துல யாருன்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க?”

சிரிக்கிறான். மூப்பர் சொல்லாமல் உளி வைக்கமாட்டானாம்.

மூப்பர் நர்கீசு! ஏழு வருடத்துக்கு முன் சபையில் வேதம் வாசிக்க என்னை விட்டுவிட்டு ஒரு மீன்காரனை நியமித்தவர். என் குரலில் கர்வம் கேட்டதாம். மீன்காரன் குரலில் என்ன கேட்டது, பரிசுத்தமா? நான் மறக்கவில்லை. இருந்தாலும் போவேன்.

பிப்ரவரி, மார்ச் மாதத் தலைநாளுக்கு ஆறு நாள் முன்

போனேன். வழியெல்லாம் வாதத்தைக் கூர் தீட்டிக்கொண்டு போனேன்.

“மேல பரலோகத்துல கொள்வினை கொடுப்பினை இல்லைன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். அப்ப உர்பானுக்கு அவ மேல என்ன பாத்தியதை?”

“ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் நர்கீசு.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“உனக்கும் இல்ல. அப்புறம் எதுக்குப் புது மாடம்?”

கிழவர் கண்ணில் கேலி இருந்ததா? தெரியவில்லை. ஒருவர் செத்தபின் ஒருவராக ஏழு பேரைக் கட்டினவள் மேலே யாருக்கு மனைவி என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். எனக்கு இரண்டு பேருக்கே விடை கிடைக்கவில்லை.

“அவளையே கேளு. அவ சொல்ற எடத்துல வெட்டலாம்” என்று அனுப்பிவிட்டார்.

மார்ச், தலைநாள்

கேட்கவில்லை.

மார்ச், நடுநாளுக்கு மூன்று நாள் முன்

இன்றும் இல்லை. கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள்.

மார்ச், நடுநாள்

கேட்டுவிட்டேன்.

“நான் என்ன சட்டியா, எந்த அடுப்புல ஏத்தலாம்னு ஆளாளுக்குப் பேச? எங்க வேணாலும் வைங்க.”

“அவன் பக்கத்துலதான் வேணும்னா சொல்லிடு. தாங்கிக்குவேன்.”

பொய். அவளுக்கும் தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு ஆத்தா இல்ல, அப்பன் இல்ல, ஒரு புள்ள இல்ல. அவர் செத்த நாள்ல வருஷா வருஷம் ரொட்டியும் மீனும் கொண்டுபோறது நான் ஒருத்தி. ஒரு தடவையாவது கூட வந்தீங்களா? நான் போனா அவர் நெனவு நாளை யாருங்க நடத்துவா?”

இதுதானா — பதினோரு வருடமும் இதுதானா? யாருமற்ற ஒருவனுக்கு வைத்த சோற்றைப் பார்த்தா நான் வயிறெரிந்தேன்?

“மேல புருஷன் பெண்டாட்டி இல்லைன்னுதான் சொன்னாங்க. தெரிஞ்சவங்க இல்லைன்னு யாரும் சொல்லலியே? அவர் எதிர்ல வந்தா உங்களைக் காட்டி என்னன்னு சொல்றது? ஒரு நாளும் எட்டிப் பாக்காத மனுஷன்னா? என்னைத் தலைகுனிய வெச்சிராதீங்க.”

அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

ஏப்ரல், தலைநாளுக்கு மறுநாள்

விடிந்ததும் போய்விட்டாள்.

ஏப்ரல், தலைநாளிலிருந்து மூன்றாம் நாள்

நேற்று பவுஸ்தன் வீட்டு வாசலில் நின்றேன்.

“உர்பான் பக்கத்துலயே வை.”

“முடிவாவா, வாத்தியாரே? நாளைக்கு வந்து மாத்துன்னா முடியாது. மூடின மாடத்தைத் தொடமாட்டேன்.”

“முடிவாத்தான். அந்த எதிர்ச்சுவர் காலியா இருக்கில்ல?”

“ஆமா.”

“அவ எந்திரிச்சு உக்காந்தா மொதல்ல கண்ணுல படுறது எது?”

பவுஸ்தன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அந்த இருட்டுப் பாதை முழுவதும் அவனுக்கு மனப்பாடம்.

“எதிர்ச்சுவருதான்.”

“அங்க ஒரு ஆளுக்கு வெட்டு. அவ உயரத்துக்கு நேரா.”

இன்று அவளைக் கீழே இறக்கினோம். நர்கீசு ஜெபித்தார். மீன்காரன் வாசித்தான். உர்பான் இருக்கும் பக்கம் நான் பார்க்கவில்லை.

ஏப்ரல், மே தலைநாளுக்கு ஐந்து நாள் முன்

உர்பானின் நாள்.

மீன் வாங்க அந்த மீன்காரனிடமே போனேன். எதற்கென்று கேட்கவில்லை, கூடையில் பெரியதாய்ப் பார்த்து எடுத்துக் கொடுத்தான். அவன் வாசிப்பு மோசம்தான். அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

விளக்கோடு இறங்கினேன். ரொட்டியை வைத்தேன், திராட்சைரசத்தை ஊற்றினேன். ஏதாவது சொல்ல வேண்டுமே — நான் கரித்தேயின் புருஷன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். மேலே அது செல்லாதாமே.

“உர்பான் அண்ணே, கரித்தே அனுப்பினா” என்றேன்.

எதிர்ச்சுவரில் என் மாடம் பாதிதான் வெட்டியிருக்கிறது. அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்து என் பங்கு மீனைத் தின்றேன். முள் அதிகம்.

அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேரும் நன்றாகத் தெரிகிறார்கள்.